கோடியக்கரைக்கு எப்போ போகலாம்?

கேள்வி: சார், போன மார்கழி லீவுல குடும்பத்தோட கோடியக்கரை போனோம், தூரத்துல வெள்ளை வெள்ளையா பூநாரை தெரிஞ்சுச்சு, அவ்ளோதான். இலையுதிர் காலத்துல பறவை வலசை வரும்னு பையன் புக்ல போட்டிருக்கு. நமக்கு அது எந்த மாசம்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: நமக்கு ஏதும்மா இலையுதிர் காலம், புரட்டாசி ஐப்பசின்னு வச்சுக்கோங்க. நீங்க போனப்போ மழை முடிஞ்சு சதுப்புல தண்ணி ஏறியிருக்கும், நெட்டைக்கால் பூநாரைக்கு அது கொண்டாட்டம், ஆனா விரக்கடை கால வச்சுக்கிட்டு உள்ளான், அதான் சேத்துல இரை தேடற சின்ன பறவை, எங்க நிக்கும், சேறு தெரியற எடமா பாத்து போயிடும். செப்டம்பர்ல, பருவமழைக்கு முன்னாடி போய் பாருங்க. வளைஞ்ச மூக்கு உள்ளான்னு ஒண்ணு, சைபீரியாவோட வட கோடில குஞ்சு பொரிக்கறது, அதுல அப்பன்காரன் முட்டை பொரியறதுக்கு முன்னாடியே கெளம்பிடுவான், அப்புறம் அம்மா, கடைசியா தான் குஞ்சுங்க, வழி காட்ட ஆளே இல்லாம! ஆகஸ்ட் கடைசில வர்ற பெரிசுங்களுக்கு நெஞ்சுல செங்கல் கலர் திட்டுத்திட்டா மிச்சம் இருக்கும், பெயின்ட் உரிஞ்ச செவுரு மாதிரி. பின்னாடி வர்ற சின்னதுங்க நெஞ்சு வெளுப்பா, லேசா சந்தன கலர்ல இருக்கும். பைனாகுலர் இல்லாம போகாதீங்க, போறதுக்கு முன்னாடி வனத்துறைல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் உப்பளத்துல வேலை பாக்குறேன். செத்துக்கிடந்த ஒரு குருவி கால்ல நம்பர் போட்ட வளையம் இருந்துச்சு. கூட இருக்கறவங்க உளவு பாக்குற மெஷின்ங்குறாங்க, பயமா இருக்கு சார். (வாசகர், வேதாரண்யம்)

பதில்: தம்பி, அதுல பேட்டரியும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் தகடு. பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு தெரிவிக்கவும்னு இங்கிலீஷ்ல பொடி எழுத்துல பொறிச்சிருக்கும் பாருங்க, பறவைங்க எங்கேந்து எங்க போகுதுன்னு ஆராய்ச்சி பண்ற மும்பை அமைப்பு அது. வலையில புடிச்சு, றெக்கை மூக்கெல்லாம் அளந்து, துணிப்பைல போட்டு எடை பாத்து, வளையம் மாட்டி விட்டுடுவாங்க, கொசு உள்ளான்லாம் இருபது இருபத்தஞ்சு கிராம் தான். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி இந்த வேலைய 1959ல பெரிசா ஆரம்பிச்சப்போ உலக சுகாதார நிறுவனம் காசு குடுத்துச்சு, ஏன்னா கர்நாடகாவுல வந்த குரங்கு காய்ச்சல் சைபீரியா பறவை மேல ஒட்டின உண்ணி வழியா வந்துச்சோன்னு அப்போ ஒரு சந்தேகம். ஒரு விதத்துல உங்க பயம் பழைய பயம் தான்! வளையத்த தூக்கிப் போட்டுடாதீங்க, நம்பர், கெடைச்ச எடம், தேதி எழுதி அவங்களுக்கு அனுப்புங்க, எங்க எப்போ மாட்டினதுன்னு தெரிய வரும். உயிரோட ஏதாவது மாட்டுச்சுன்னா மட்டும் கழட்டாதீங்க, நம்பர படிச்சுட்டு விட்டுடுங்க.