ராலி காரில் கூடுதல் விளக்குக்கு ஹெட்லைட் ஒயரிலிருந்தே லைன் எடுக்கலாமா?

கேள்வி: கடலூரில் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை இரவு ராலிக்குத் தயார் செய்கிறேன். 55 வாட் ஹாலஜன் விளக்கு நான்கு வாங்கிவிட்டேன். கையில் பணம் குறைவு. ஹெட்லைட் ஒயரிலேயே சேர்த்துவிடலாமா?

கூடாது. நான்கும் சேர்ந்தால் 220 வாட். 12 வோல்ட்டில் 18 ஆம்பியருக்கு மேல், எஞ்சின் ஓடும்போது 20ஐத் தொடும். ஹெட்லைட் சுவிட்சும் ஒயரும் தன் இரண்டு பல்புக்கென்று அளந்து போட்டவை. முதலில் எல்லா விளக்கும் மங்கும், பிறகு சுவிட்சின் முனை கருகும்.

சிக்கனம் பிடிக்க வேண்டுமென்றால் விளக்கில் பிடியுங்கள், ஒயரில் வேண்டாம். ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். ஒல்லி ஒயரில் 100 வாட் பல்பு போடுவதைவிட, நல்ல ஒயரில் 55 வாட் எவ்வளவோ மேல்.

இரண்டிரண்டு விளக்காகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஒரு 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர் என்று வையுங்கள். நான்கையும் ஒரே ஃப்யூஸில் மாட்டினால், வளைவின் நடுவில் அது போகும்போது மொத்தமும் இருட்டாகிவிடும். ஒயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு ஒயரும் வேண்டாம். ரேடியேட்டர் பக்கத்துச் சூட்டில் அதன் உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

லைனை பேட்டரி முனையிலிருந்து நேராக எடுக்காதீர்கள். காரின் மொத்தக் கரண்டையும் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சைத் தாண்டிய முனையிலிருந்து எடுத்து, ஃப்யூஸை அதிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். கார் மோதி முன்பக்கம் நசுங்கும்போது கட்-ஆஃபைத் திருப்பியும் அங்கே கரண்ட் ஓடினால், அந்த சுவிட்ச் இருந்தும் பயனில்லை. இதை மட்டும் எந்தச் செலவுக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

ரிலேயில் 30 என்று குறித்த முனைக்கு ஃப்யூஸிலிருந்து வரும் லைன், 87இலிருந்து விளக்கு. 86க்கு ஹைபீம் ஒயரிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக 0.75 சதுர மி.மீ. ஒயர் போதும், 85 எர்த் (காரின் பாடி). அப்போதுதான் எதிரே வண்டி வரும்போது டிம் போட்டால் கூடுதல் விளக்குகளும் சேர்ந்து அணையும். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: சில கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். ஹெட்லைட்டைப் போட்டு, பல்பின் பொது முனையை மல்டிமீட்டரால் பாருங்கள். அங்கே 12 வோல்ட் வந்தால் 86ஐப் பொது முனையிலும், 85ஐ டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஹைபீம் ஒயரிலும் கொடுக்க வேண்டும். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தங்காது.

விளக்கின் எர்த் ஒயரும் அதே 2.5 சதுர மி.மீ. தடிமனில் வேண்டும். பம்பர் பிராக்கெட்டை நம்பாமல், பெயின்ட்டைச் சுரண்டிய பாடி போல்ட்டில் பல் வாஷரோடு இறுக்குங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் இதுதான் முதலில் போகும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வண்டி நிற்கிறது என்றால் இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பச்சை பூத்துவிடும். ஒயர் நுனியில் மாட்டும் லக்குகளை க்ரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். சால்டர் வேண்டாம், அது ஓடிய இடம் விறைத்துப்போவதால், அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒயர் ஒடியும்.

பிராக்கெட் மெல்லியதாக இருந்தால் விளக்கின் தலையிலிருந்து ஒரு தாங்குகம்பி கொடுங்கள். ஈசிஆர் போன்ற பொதுச்சாலையில் ஓட்டும்போது விளக்குகளுக்கு மூடி போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. எர்த் பக்கமும் அப்படியே. பிறகு ஹெட்லைட், ஃபேன், நான்கு விளக்கு அத்தனையும் ஓட, ஐடிலிங்கில் பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால், 2000 ஆர்பிஎம்மில் மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டருக்குத் தாங்கவில்லை. வெளி ஜோடியைக் கழற்றிவிட்டு இரண்டோடு ஓட்டுங்கள்.