நச்சு துளை போட்டால் செல் என்ன செய்யும்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பயோமெடிக்கல் சயின்ஸ் பாடம் எடுக்கிறேன். பாக்டீரியாவின் நச்சிலிருந்து செல்கள் எப்படித் தப்பிக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை எழுதுகிறேன்.

கிருமி வந்தால் வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளாதா? சாதாரண செல்லுக்கு என்ன வேலை?

வெள்ளை அணு வந்து சேர்வதற்குள் சாதாரண செல் செத்துவிடலாமே! சில பாக்டீரியாக்களின் நச்சு மூலக்கூறுகள் 30, 40 எனச் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான சவ்வின் மேல் வட்டமாகக் கோத்துக்கொண்டு துளை போட்டுவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே ஓடும், வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாயும். அந்தக் கால்சியம்தான் செல்லுக்கு அபாயச் சங்கு. உடனே துளை விழுந்த இடத்தை மட்டும் சின்னக் குமிழாகக் கிள்ளி வெளியே உதிர்த்துவிட்டு, மிச்சச் சவ்வை இழுத்து மூடிக்கொள்ளும். கிருமியைக் கொல்லாமலேயே பிழைத்துக்கொள்கிறது, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

மாடு கன்று போட்டு மூன்று வாரமாகியும் சீழ் வடிகிறது. இதுவும் நச்சா?

முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கருப்பையில் இப்படிச் சீழ் வைக்கும் கிருமிகளில் முக்கியமானது ட்ரூப்பெரெல்லா பையோஜீனஸ். அதன் நச்சான பையோலைசின், சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டுதான் துளை போடுகிறது. கருப்பையின் மேலடுக்குச் செல்கள் ஓரளவு தாங்கும், அடியில் இருப்பவை சீக்கிரம் சாகும். கன்று போடும்போது மேலடுக்கு கிழிந்துபோய் அடிச் செல்கள் வெளியே தெரிகின்றன, அதனால்தான் அந்தச் சமயத்தில் இவ்வளவு பாதிப்பு.

அப்படியென்றால் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் தப்பிக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்ட்ரால் வேறு கணக்கு. 25-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால் என்று உடம்பே செய்யும் ஒரு பொருள், நச்சின் கைக்கு எட்டும் கொலஸ்ட்ராலைச் சவ்விலிருந்து செல்லுக்குள்ளே நகர்த்திவிடுகிறது. ஆய்வகத் தட்டில் இது செல்களைக் காப்பாற்றுகிறது. அதை மருந்தாக்குவது தனி வேலை.

துளை விழுந்தது கண்ணுக்குத் தெரியுமா?

துளை தெரியாது, விளைவு தெரியும். சிவப்பணுக்கள் கலந்த நீர் கலங்கலாக இருக்கும், குழாய்க்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடியாது. நச்சைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் விட்டால் அணுக்கள் உடைந்து சிவப்பாகவே தெளிந்து, எழுத்து பளிச்சென்று தெரியும்.

எல்லா நச்சும் துளைதான் போடுமா?

இல்லை. காலரா நச்சு செல்லுக்குள் போய், குடல் ஓயாமல் உப்பையும் நீரையும் கொட்டும்படி செய்துவிடும். 1959இல் கொல்கத்தாவின் ஆய்வாளர் சம்புநாத் டே, காலரா பாக்டீரியா வளர்ந்த நீரிலிருந்து பாக்டீரியாவை நீக்கிவிட்டு, அந்த நீரை மட்டும் முயல் குடலில் செலுத்தி, காலராவுக்குக் காரணம் நச்சுதான் என்று காட்டினார். அவருக்கு நோபல் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.