பெட்டகத்துக் காசு: வாசகர் கேள்வி பதில்

பழைய காசு சேக்குறதப் பத்தி நம்ம பக்கத்து ஊர்கள்ல இருந்து வந்த கேள்விகள்ல சிலதுக்கு இந்தத் தடவ பதில்.

கேள்வி: எங்க ஐயா பர்மா, மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போனவுக. ரெண்டாங்கட்டு அறையில இருந்த பெட்டகத்த இப்பத்தான் தொறந்தோம், துணிப்பை துணிப்பையா காசு. வெள்ளி, செம்பு, ஓட்டை போட்டது, சதுரமா இருக்குறது, ஒண்ணு ரெண்டு ரொம்பப் பெரிய வெள்ளிக்காசு, எல்லாம் கறுத்துக் கெடக்கு. புளி போட்டு விளக்கலாமா? எந்த ஊர்க் காசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
வாசகி, கண்டனூர்

பதில்: ஆச்சி, புளி வேணவே வேணாம், எலுமிச்சம்பழம், விபூதி, பிராசோ எதுவும் வேணாம். வெள்ளியில இருக்குற கறுப்பு அழுக்கு இல்ல, காத்துல இருக்குற கந்தகம் பட்டு வருஷக்கணக்கா படிஞ்ச படலம், அத எடுக்குறேன்னு தேச்சா விக்டோரியா ராணி தலைமுடியில இருக்குற நுணுக்கமான கோடெல்லாம் தேஞ்சு போயிரும், அப்புறம் எந்த சேகரிப்பாளரும் பாத்த ஒடனே விளக்குன காசுன்னு சொல்லிருவாக.

அதவிட முக்கியமான ஒண்ணு, எல்லாப் பையையும் ஒரே தாம்பாளத்துல கொட்டிராதீங்க. ஒவ்வொரு பையையும் தனித்தனியா போட்டோ எடுத்து, எந்தப் பையில எது இருந்துச்சு, கூட ஏதாச்சும் சீட்டு, கடைக்கணக்கு இருந்துச்சான்னு எழுதி வைங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பர்மாவுல 1937-ல இந்தியாவை விட்டுத் தனியா பிரிச்ச பிறகும் நம்ம இந்திய ரூபாதான் ஓடுச்சு, அதனால ரங்கூன் கடையில பொழங்குன ரூபாயும் தேவகோட்டை சந்தையில பொழங்குன ரூபாயும் பாக்க ஒண்ணுதான், எது எங்க இருந்து வந்துச்சுன்னு காசு சொல்லாது, அது கெடந்த பையும் சீட்டுந்தான் சொல்லும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல தட்டுல குமிச்சு வச்சிருக்குற காசப் பாக்குறப்பல்லாம் எனக்கு மனசு வலிக்கும், எந்த வீட்டு வளவுல இருந்து வந்துச்சோ, யாரு கொண்டு வந்தாகளோ, ஒண்ணும் இனிமே தெரிய வழியில்ல.

ஓட்டை போட்டது அநேகமா நம்ம ஓட்டைக் காலணா, யுத்த நேரத்துல உலோகத்த மிச்சம் பிடிக்க 1943-ல இருந்து 1947 வரைக்கும் அடிச்சது. ஓட்டைய சுத்தி பிரெஞ்சு எழுத்து இருந்தா அது சைகோன் பக்கத்து (இன்னைய வியட்நாம்) சென்ட். சதுரத்துல நம்ம ரெண்டணாவும் உண்டு, ஆனா செம்பு நெறமா இருந்து ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்னோ மலேயான்னோ போட்டிருந்தா பினாங்கு, சிங்கப்பூர்ல ஓடுன ஒரு சென்ட். பனைமரம் போட்ட செம்புக்காசுல தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் இருந்தா சிலோன் சதம். அந்தப் பெரிய வெள்ளி, ஒரு அம்மா உக்காந்திருக்குற மாதிரி இருந்தா பிரெஞ்சு இந்தோசீனாவோட பியாஸ்தர், 27 கிராம் எடை, 90 சதவீதம் வெள்ளி, எடையும் தரமும் காசு மேலயே எழுதியிருக்கும். இதுல போலி ஏகப்பட்டது சுத்துது, அதனால நகைக்கடைத் தராசுல வச்சுப் பாருங்க, காந்தத்துல ஒட்டுதான்னும் பாருங்க, ஒட்டுனா வெள்ளியே இல்ல.

பெட்டகத்துல வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு கெடந்தா அது மலேயாவுல ஜப்பான்காரன் விட்டது, 1945-ல அவன் தோத்ததும் வெறும் காகிதமாப் போச்சு. நம்ம ஆளுக எவ்வளவு இழந்தாகங்கறதுக்கு அதவிட சாட்சி வேணாம், தூக்கிப் போட்டுறாதீங்க.

எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு போடாதீங்க, அதுல இருக்குற கந்தகம் வெள்ளிய இன்னும் கறுக்க வைக்கும். கொழகொழன்னு இருக்குற பிவிசி கவரும் ஆகாது, நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு ஒண்ண கக்கும். காச ஓரத்துல மட்டும் பிடிங்க, விரலு முகத்துல படக்கூடாது.

கேள்வி: பங்காளிகளுக்குள்ள பங்கு பிரிக்கணும். வெள்ளி ரூபாயெல்லாம் எடைக்குப் போட்டு பணமா பிரிச்சுக்கலாம்னு சொல்றாக. சரிதானா?
வாசகர், தேவகோட்டை

பதில்: அண்ணே, போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து வருஷத்தப் பாருங்க. விக்டோரியா, எட்வர்டு, அஞ்சாம் ஜார்ஜ் ரூபா எல்லாம் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. 1940-ல இருந்து வெள்ளிய பாதியாக் கொறச்சுட்டாக, 1947-ல வந்த ரூபா நிக்கல், புலி போட்ட 1947 ரூபாய வெள்ளின்னு யாராச்சும் பங்கு வச்சா அது தப்பு. இதுல ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபா அரிதானது, எடைக்குப் போட்டா பெரிய நஷ்டம். 1911 ரூபாயயும் தனியா எடுத்து வைங்க, ராஜா அங்கியில இருந்த யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு சனங்க எதிர்த்து, திரும்ப வாங்கி, 1912-ல யானைய ஒழுங்கா தெரியுற மாதிரி மாத்துனாக. கொக்கி பத்த வச்ச காசுக்கு சேகரிப்பு மதிப்பு கொறவுதான், அத எடைக்குப் போடுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அணா எங்க சாமி வீட்டுல இருக்கு. கோடிக்கணக்குல போகும்ங்கறாக.
வாசகர், கோட்டையூர்

பதில்: கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே இல்ல தம்பி. பின்னாடி யாரோ விக்கிறதுக்காகப் பண்ணுனது. சாமி வீட்டுல வச்சுக் கும்பிடுங்க, அதுல தப்பில்ல, ஆனா காசு குடுத்து இன்னொண்ணு வாங்காதீங்க.

கேள்வி: வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாக்கு லட்சக்கணக்குல தர்றோம்னு போன்ல சொல்றாங்க, முதல்ல பதிவுக் கட்டணம் கட்டணுமாம்.
கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: ஒத்தப் பைசா கட்டாதம்மா. 2012-ல அடிச்ச காசு அது, கோயில் வாசல் சில்லறையில இப்பவும் கெடைக்குது. ரிசர்வ் பேங்க் பேரச் சொல்லி கமிஷன், வரின்னு கேக்குறாங்கன்னு 2021-லயே ரிசர்வ் பேங்க் எச்சரிக்கை விட்டுருக்கு, அவங்க இந்த மாதிரி வியாபாரத்துக்கு யாரையும் நியமிக்கல. காசு வாங்குறவன்தான் நமக்குப் பணம் தரணும், நாம அவனுக்குத் தர்றதுல என்ன நியாயம் இருக்கு?

கேள்வி: மகனுக்குப் பத்து வயசு, காசு சேக்கணும்னு ஆசப்படுறான். எங்க ஆரம்பிக்கிறது?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: ரொம்ப சந்தோஷம் ஆச்சி, நானும் ஏறக்குறைய அந்த வயசுலதான் ஆரம்பிச்சேன், இன்னும் விடல. கடையில எதுவும் வாங்காதீங்க, வீட்டுச் சில்லறைய முன்னாடி கொட்டி வருஷத்துக்குக் கீழ என்ன குறி இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க, வைரக்கட்டம் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், சின்னப் புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணும் இல்லன்னா கொல்கத்தா. இதுலயே மாசக்கணக்குல போயிரும். அடுத்து 1957-ல இருந்து வந்த நயா பைசா, அக்கம்பக்கத்து வீட்டு அஞ்சறைப் பெட்டியிலயே கெடைக்கும்.

ஒரு லீவு நாள்ல புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. புதுக்கோட்டை ராஜா அடிச்ச அம்மன் காசு ஒண்ண மட்டும் கையில வாங்கிக் குடுங்க, நகம் அளவு செம்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்துல ‘விஜய’ன்னு இருக்கும். அந்த பிரகதாம்பாள் கோயில் திருக்கோகர்ணத்துலதான், அரசு மியூசியமும் அங்கயேதான். காசுல பாத்த அம்மன நேர்ல பாத்துட்டு வந்த புள்ள இந்தப் பழக்கத்த லேசுல விடமாட்டான்.

கேள்வி: வயல்ல குழி தோண்டும்போது பழைய காசு கெடச்சா நாமளே வச்சுக்கலாமா?
வாசகர், குன்றக்குடி

பதில்: கூடாதுங்க. 1878-ல போட்ட புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் மண்ணுல கெடச்சா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். 1898-ல புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில 501 ரோமானியத் தங்கக்காசு ஒரே எடத்துல கெடச்சுச்சு, பலதுல ராஜா தலைமேல உளியால வெட்டுன வெட்டு இருக்கு. அது மொத்தமா பதிவானதாலதான் இன்னிக்கும் அந்த வெட்டு எதுக்குன்னு ஆராயுறாக. அதனால தோண்டுறத நிறுத்திட்டு, மண்ண மேல கிளறாம, முதல்ல விஏஓகிட்ட சொல்லிருங்க.

கேள்வி: ஐயா வச்சிருந்த பழைய காச சிங்கப்பூர்ல இருக்குற மகனுக்குக் குடுத்து விடலாமா?
வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நூறு வருஷம் ஆன காசு 1972 சட்டப்படி தொல்பொருள் ஆச்சி, வெளிநாட்டுக் காசா இருந்தாலும் தனியாளு வெளிய கொண்டுபோக முடியாது. அதுக்குப் பின்னாடி வந்தத மட்டும் பிரிச்சு வைங்க, மத்தத மகன் ஊருக்கு வர்றப்ப பாத்துக்கட்டும்.