சொல் கேளுங்கள்: மேசன் பாஸும் கொழும்புப் பொஸ்ஸும்

கேள்வி: மதில் கட்ட வந்தவரை 'பாஸ்' என்று கூப்பிட்டேன். கொழும்பில் வேலை செய்யும் மகள், "அம்மா, அது பொஸ். பொஸ் என்றால் மேலதிகாரி. மேசனைப் போய் அப்படிக் கூப்பிடுறதா?" என்று திருத்தினாள். இத்தனை காலமும் ஆங்கிலத்தைப் பிழையாகவா பேசி வந்தோம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இல்லை அம்மா. நீங்கள் பேசியது ஆங்கிலமே இல்லை, ஒல்லாந்தம், அதாவது டச்சு மொழி. தொழில் தெரிந்து வேலையாட்களை நடத்துபவர் அவர்கள் மொழியில் 'பாஸ்'. நெடில்கூட நீங்கள் சொல்லும் அதே நெடில்தான். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தது 1638இல். ஆங்கிலேயர் இங்கு வந்தது 1795இல். சிங்களவர் மரியாதையோடு 'பாஸ் உன்னெஹே' என்பதும் இதே சொல்லைத்தான்.

மகள் சொல்லும் 'பொஸ்' இதன் உடன்பிறப்பு. இன்றைய நியூயோர்க் ஒரு காலத்தில் ஒல்லாந்தரின் நியூ அம்ஸ்டர்டாம். 1664இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது, சொல் அங்கேயே தங்கிவிட்டது. அடிமைகள் எசமானைக் கூப்பிட்ட 'மாஸ்டர்' என்ற சொல்லைத் தங்கள் வாயால் சொல்லக் கூலிக்கு உழைத்த வெள்ளையருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகப் 'பொஸ்' என்றார்கள். அமெரிக்காவிலிருந்து அது உலகமெல்லாம் போனது.

இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி. என் அப்பா கல்லடியில் மேசன் பாஸ். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பார். நூல் ஆடி அடங்கும்வரை பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய உத்தியோகத்தராக இருந்தாலும், "பாஸ், யன்னலை இன்னும் ஓரடி தள்ளி வைப்பமா?" என்று அவரிடம்தான் கேட்பார். ஆறாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரையில் 'என் அப்பா ஒரு பொஸ்' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, மேலே 'மேசன்' என்று எழுதி, வகுப்பில் உரக்க வாசித்தும் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சொல்லின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வயது நாற்பது. அப்பா அப்போது இல்லை.

1652இல் ஒல்லாந்தர் குடியேறிய தென்னாபிரிக்காவிலும் இதே 'பாஸ்' வேரூன்றியது. அங்கே கறுப்பினத் தொழிலாளி வெள்ளைக்காரனை அப்படி அழைக்க வேண்டியிருந்தது. நிறவெறிக் காலத்தில் வெள்ளையரின் ஆதிக்கக் கொள்கைக்கே 'பாஸ்காப்' என்று பெயர். அங்கே வேலை வாங்கியவன் பாஸ்; நம் ஊரில் வேலை செய்பவர் பாஸ், கூலி கொடுப்பவர் அவரை அப்படி அழைக்கிறார். எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

ஆகவே மேசன் பாஸ், கறண்ட் பாஸ் என்றே கூப்பிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மகள் கவனிக்கட்டும்: மேலதிகாரிக்கு பி, ஓ, எஸ், எஸ், நம்மவருக்கு பி, ஏ, ஏ, எஸ். இலங்கை ஆங்கிலத்தில் இரண்டாவதும் சாதாரணமாகப் புழங்குகிறது.

கேள்வி: அகராதியில் 'பொஸ்' என்றால் கேடயத்தின் நடுக்குமிழ் என்றும் இருக்கிறதே?
– மாணவர், அக்கரைப்பற்று

பதில்: அது வேறு சொல், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கலியாணக் கார்டில் எழுத்தைப் புடைப்பாக அச்சிடுவதை 'எம்பொஸ்' என்கிறார்களே, அது இதன் வழி வந்ததுதான்.

கேள்வி: 'கந்தோர்' தூய தமிழா?
– வாசகர், கல்முனை

பதில்: இல்லை, அதுவும் ஒல்லாந்தர் விட்டுப்போனது. பிரெஞ்சில் கணக்குப் பார்க்கும் மேசையைக் குறித்த சொல்லை அவர்கள் எடுத்து அலுவலகத்துக்கு வைத்தார்கள். வங்கியில் நாம் வரிசையில் நிற்கும் 'கவுண்டர்', எண்ணுதல் என்ற பொருளுள்ள அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'கொம்பியூட்டரு'க்கும் வேர் அதுவே.