90 கேட்டால் 89.2 தருகிறதே!

கேள்வி: சின்னதாக ஒரு டிடிபி சென்டர் நடத்துகிறேன். போன மாதம்தான் இங்க்ஸ்கேப் என்ற டிசைன் சாஃப்ட்வேருக்கு மாறினேன். விசிட்டிங் கார்டுக்காகச் செவ்வக டூலில் 90, 50 மில்லிமீட்டர் என்று கொடுத்துக் கட்டம் போட்டு, 1 மில்லிமீட்டர் தடிமனில் பார்டர் வைத்தேன். செலக்ட் டூலுக்கு வந்தால் மேலே 91, 51 என்று காட்டுகிறது. அகலத்தை 90 ஆக்கினால் உயரம் 50.44 ஆகிறது, சரி என்று உயரத்தை 50 ஆக்கினால் அகலம் 89.2க்குப் போய்விடுகிறது. அரை நாள் போய்விட்டது. சாஃப்ட்வேரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் ஒரு இடத்தில் அளவு டேப்பை வைக்கிறீர்கள், சாஃப்ட்வேர் வேறு இடத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். பார்டர் கட்டத்துக்கு வெளியே மட்டும் உட்காருவதில்லை, விளிம்பின் மேல் பாதி உள்ளே பாதி வெளியே என்று உட்காரும். 1 மில்லிமீட்டர் கோட்டில் அரை மில்லிமீட்டர் ஒவ்வொரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, செலக்ட் டூல் அதையும் சேர்த்து அளந்து 91, 51 என்கிறது. செவ்வக டூல் கோட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அகலமும் உயரமும் ஒன்றையொன்று இழுப்பதற்குக் காரணம் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருக்கும் பூட்டு. 91க்கு 51 என்ற விகிதத்தை அது விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் பூட்டு போட்டிருக்கிற வரை 90ம் 50ம் சேர்ந்து வரவே வராது. பூட்டைத் திறந்தால் வரும், ஆனால் அப்போது உள்ளே இருக்கிற கட்டம் கிட்டத்தட்ட 89, 49 ஆகியிருக்கும். வெட்டும்போதுதான் தெரியும்!

செய்ய வேண்டியது இதுதான்: அளவை மாற்றியதையெல்லாம் அண்டூ செய்துவிட்டு, எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ் போய், டூல்ஸ் பகுதியில் விஷுவல் பவுண்டிங் பாக்ஸ் (பார்டரையும் சேர்த்து அளப்பது) என்று இருப்பதை ஜியாமெட்ரிக் (பார்டரை விட்டுக் கட்டத்தை மட்டும் அளப்பது) என்று மாற்றுங்கள். எதையும் அடிக்காமலே 90, 50 என்று காட்டும். கார்டு, லேபிள் மாதிரி வெட்டுகிற வேலைக்கு இதுதான் சரி. இந்த மாற்றம் இந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்புறம், அளவுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அலகையும் ஒரு தடவை பாருங்கள். அது பிக்சலில் இருக்கும்போது 90 என்று அடித்தால் 23.8 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். நானே ஒரு முறை ஒரு தாள் முழுக்க லேபிள் அடித்துவிட்டுத்தான் இதைக் கவனித்தேன்.

கேள்வி: அதே இங்க்ஸ்கேப்பில் அளவு மாற்ற 50 என்று அடித்தால் அளவு மாறாமல் பக்கம் சட்டென்று சின்னதாகிவிடுகிறது. ஏன்?

பதில்: கர்சர் அளவுப் பெட்டிக்குள் இல்லை. படத்தின் மேல் கவனம் இருக்கும்போது எண் விசைகள் ஜூம் செய்யும்: 5 அடித்தால் முழுப் பக்கமும் திரைக்குள் வந்து நிற்கும், 3 அடித்தால் தேர்ந்தெடுத்த பொருள் திரையை நிரப்பும். பெட்டிக்குள் இரண்டு தடவை கிளிக் செய்து, பழைய எண் நீலமானதும் அடித்து என்டர் தட்டுங்கள். வலப்பக்க எண்பலகையில் அடிக்கிறவர் என்றால் நம்லாக் எரிகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 4ம் 6ம் அம்புக்குறியாகிப் பொருளை இடம் வலமாக நகர்த்திக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, அந்தப் பெட்டி கணக்கும் போடும். 210/3 என்று அப்படியே அடிக்கலாம், கால்குலேட்டர் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: அடோபி இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரில் அகலத்துக்கு 50% கொடுத்தால் லோகோ ஒல்லியாகிவிடுகிறது.

பதில்: அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கட்டும் சங்கிலிக் குறியை அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். அதைத் தேடக்கூட வேண்டாம், 50% என்று அடித்துவிட்டு என்டருக்குப் பதில் கன்ட்ரோல் என்டர் தட்டுங்கள், மேக்கில் என்றால் கமாண்ட் ரிட்டர்ன். உயரமும் கூடவே குறையும்.