சாவி நுழைகிறது, ஆனால் திரும்பவில்லை: காரில் என்ன கோளாறு?
பெரும்பாலும் கோளாறே இல்லை, ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். சாவியை உருவிய பின் ஸ்டீயரிங்கை அசைத்தால், திருட்டைத் தடுக்க ஓர் உலோக முளை அதன் தண்டிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. சக்கரங்கள் திரும்பிய நிலையில் வண்டி நின்றால், டயரின் முறுக்கம் அந்த முளையை நெருக்கிப் பிடிக்கும். தொய்ந்த கதவில் தாழ்ப்பாள் இறுகுவதைப் போலத்தான். கதவைச் சற்றுத் தூக்கினால் விலகிவிடுமே!

ஆகவே ஸ்டீயரிங்கை இளகும் பக்கமாக அழுத்தியபடி சாவியை மென்மையாகத் திருப்புங்கள். பலம் காட்டினால் சாவிதான் முறியும், அதுவும் உள்ளேயே. ஸ்டீயரிங் தாராளமாக அசைந்தும் சாவி திரும்பாவிட்டால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்; பல் தேய்ந்த சாவி பூட்டின் உள்தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தள்ளாது.

பலர் பேட்டரியைக் குறை சொல்கிறார்கள். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரணச் சாவி திரும்பும், எஞ்சின்தான் கிளம்பாது.