கருமுட்டையும் மைட்டோகாண்ட்ரியாவும்

கேள்வி: எனக்கு வயது 38. முட்டையின் தரத்துக்கு மைட்டோகாண்ட்ரியா முக்கியம் என்று டாக்டர் சொன்னார். முட்டை வளர அது எப்படி உதவுகிறது?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மைட்டோகாண்ட்ரியா என்பவை செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள். முதிர்ந்த கருமுட்டை ஒன்றில் ஏறத்தாழ 1 லட்சமோ அதற்கு மேலுமோ மைட்டோகாண்ட்ரியா இருக்கின்றன. உங்கள் முட்டைகள், நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டவை. அவை உறக்கநிலையில் காத்திருக்கும் நீண்ட காலத்தில், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகாதபடி, மைட்டோகாண்ட்ரியா தம்மிடமுள்ள 'காம்ப்ளெக்ஸ் 1' என்ற புரதத் தொகுதியை ஒதுக்கிவிட்டு இயங்குகின்றன என்று 2022-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த ஏற்பாடுதான்.

முட்டை முதிரும்போது நிலைமை மாறுகிறது. குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்ணிழைகள் சரியாக அமைய ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஏராளமாகத் தேவைப்படுவதால், மைட்டோகாண்ட்ரியா அவற்றைச் சூழ்ந்து நின்று அதை வழங்குகின்றன. ஆற்றல் போதாவிட்டால் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகக்கூடும். கருவுற்ற பின்னும் முதல் சில நாட்களுக்கு, முட்டை கொண்டுவந்த மைட்டோகாண்ட்ரியா இருப்பையே புதிய செல்கள் கட்டுச்சோறு போலப் பங்கிட்டுக்கொள்கின்றன.

வயதோடு மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைவது உண்மையே. ஆனால் முட்டையின் தரம் குறைய, குரோமோசோம்களைப் பிணைக்கும் புரதங்கள் தளர்வதும் பெரிய காரணம். மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்க உதவும் பொருளான கோஎன்சைம் கியூ10-ஐ மாத்திரையாக உண்பது குழந்தைப்பேற்றின் வாய்ப்பைக் கூட்டும் என்பது இன்னும் உறுதியாகாததால், டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடங்க வேண்டாம்.